ஆக்டிங் டிரைவரோடு நான்கு நாள்: சேலத்திலிருந்து தனுஷ்கோடி வரை

எங்கள் வண்டி 2014ல் வாங்கிய டிசையர், டீசல். பதினோரு வருடமாக அதை ஓட்டியவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் இவர் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் ஒரு 'ம்' வரும், அவ்வளவுதான். கோபமெல்லாம் கிடையாது, கவனம் முழுக்கச் சாலையில் இருக்கும். எத்தனையோ ஊர் போயிருக்கிறோம், ஆனால் போகிற வழியில் பேசிக்கொண்டு போனதாக எனக்கு ஞாபகமே இல்லை.

இந்த மே மாதம் இவருக்கு ஒரு கண்ணில் கண்புரை அறுவை நடந்தது. அடுத்த கண்ணுக்கும் செய்து முடிக்கும் வரை இரவில் ஓட்ட வேண்டாம், நீண்ட தூரமும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே மாதக் கடைசியில் நான் தமிழாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். புதுக்கோட்டைப் பக்கத்துக் குகைக்கோயில்கள், செட்டிநாடு, ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று ஒரு சுற்று போய் வர வேண்டும் என்பது எங்கள் பல வருடத்துப் பேச்சு. அதைத் தள்ளிப் போட மனசு வரவில்லை. டிராவல்ஸில் விசாரித்தோம். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் கணக்கு, பேட்டா தனியாக 500. நான்கு நாளைக்குப் பதினாறாயிரம் ஆகிறது, டோல் தனி. அப்போதுதான் என் தங்கை, "உங்க வண்டியையே எடுத்துட்டு ஆக்டிங் டிரைவர் போட்டுக்கோங்க அக்கா" என்றாள்.

ஆக்டிங் டிரைவர் என்றால் வண்டி நம்முடையது, ஓட்டுபவர் மட்டும் கூலிக்கு வருவார். உள்ளூர் என்றால் மணிக்கணக்கில் வாங்குவார்கள், வெளியூர் என்றால் நாள் கணக்கு. எங்களுக்கு நாளைக்கு 1,300 ரூபாய் என்று பேசியது. சாப்பாடும் தங்க இடமும் நம் பொறுப்பு. ஊரில் ஓர் ஆபீஸ் மூலம் பதிவு செய்தோம். முந்தின நாள் போனில் பேசியவர் ஒருவர், காலையில் வந்தவர் வேறொருவர். ஐந்து மணிக்கு வர வேண்டியவர் ஐந்து ஐம்பதுக்கு வந்தார். ஆளை மாற்றிய விஷயத்தை ஆபீஸில் எங்களுக்குச் சொல்லவே இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம். கண் சரியில்லாத மனிதரை அழைத்துக்கொண்டு, யாரென்றே தெரியாத ஒருவரை நம்பி நான்கு நாள் போகிறோம். ஒரு போன் செய்திருக்க வேண்டாமா? வந்த தம்பிதான் நான் கேட்பதற்கு முன்பே லைசென்ஸை எடுத்துக் காட்டினார். நாற்பது வயது இருக்கும். "நைட்டு ஒம்பது மணிக்குத்தாங்க சொன்னாங்க, மன்னிச்சிருங்க" என்றார். லைசென்ஸைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினோம். நீங்கள் போடுவதாக இருந்தாலும் அதைச் செய்யுங்கள். வண்டி இன்சூரன்ஸில் சம்பள டிரைவருக்கான கூடுதல் கவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு இல்லை, கிளம்புவதற்கு முந்தின வாரம் ஏஜெண்டிடம் சொல்லிச் சேர்த்தோம். சிறிய தொகைதான்.

நாமக்கல், முசிறி வழியாகத் திருச்சி. இவர் முன்சீட்டில் உட்காரப் போனார். நான்தான் கையைப் பிடித்துப் பின்சீட்டுக்கு அழைத்தேன். நம் வண்டியின் பின்சீட்டில் நாம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் ஒரு மணி நேரம் இவர் வலது காலைத் தரையில் ஊன்றி ஊன்றி பிரேக் அழுத்திக்கொண்டே வந்தார். காவிரியை ஒட்டிய சாலை வந்ததும் கால் அடங்கியது.

திருச்சி தாண்டி மதுரை நான்குவழிச் சாலையில் ஏறியதும் தம்பி நூறைத் தாண்டிவிட்டார். போதாததற்குக் காதில் ப்ளூடூத் மாட்டிப் பேச்சு வேறு. "தம்பி, எங்களுக்கு எண்பது போதும். பேசணும்னா ஓரமா நிறுத்திப் பேசுங்க" என்றேன். "சரிங்கம்மா" என்று ப்ளூடூத்தைக் கழற்றி டாஷ்போர்டில் வைத்தார். வீடு திரும்பும் வரை அதை எடுக்கவில்லை. இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தராததற்கு ஒரு காரணம், அதை நான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் கேட்டுக்கொண்டார் என்பதற்கான மதிப்பெண்ணும் அதிலேயே இருக்கிறது.

விராலிமலையில் மலை ஏறவில்லை. கீழே சாலையோரத்தில் இரண்டு மயில்களைப் பார்த்துவிட்டுக் கொடும்பாளூர் போனோம். இந்த ஊருக்காகத்தான் நான் இந்த வழியையே தேர்ந்தெடுத்தேன். முப்பது வருடம் வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்தியிருக்கிறேன். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியை ஒரு மறையவன் சொல்லும் இடத்தில் 'கொடும்பை' வரும். சிவன் கைச் சூலம் போல அங்கே பாதை மூன்றாகப் பிரியும் என்பான். அந்தக் கொடும்பைதான் இது. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் கட்டிய மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்கள்தான் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். சுற்றிலும் புல்வெளி. எங்களைத் தவிர ஆள் இல்லை. தம்பி வண்டியை நிழலில் போட்டுவிட்டு, "எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க, ஆனா பதினொன்றே காலுக்குள்ள குடுமியான்மலை போயிரணும். பன்னெண்டு மணிக்குக் கோயில் சாத்திருவாங்க. குகை உள்ளே வெயில் தெரியாது, சித்தன்னவாசலை மத்தியானத்துக்கு வெச்சுக்கலாங்க" என்றார்.

நான் போட்டு வைத்திருந்த திட்டம் தலைகீழ். சித்தன்னவாசலைக் காலையிலும் குடுமியான்மலையை மதியத்திலும் எழுதி வைத்திருந்தேன். நம் பக்கத்துக் கோயில்கள் நடை சாத்திவிட்டால் மாலை நான்கு மணி வரை திறக்காது என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் பயணத் திட்டம் போடும்போது தூரத்தை மட்டும்தான் பார்த்தேன். இந்த ஒரு சொல்லால் எங்களுக்கு அரை நாள் மிச்சம். குடுமியான்மலையில் தூண் தூணாக நிற்கும் சிற்பங்களைப் பார்த்தோம். அப்புறம் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டு. பாடுவதற்கான சுரங்களைப் பாறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இவருக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில், பாட்டில் ஈடுபாடு கிடையாது. ஆனாலும் அந்த எழுத்து வரிசையை விரலால் காற்றில் எண்ணிக்கொண்டே நின்றார். "இத்தனை சின்ன எழுத்தை ஒரு இடத்துல கூட வழுக்காம வெட்டியிருக்கான் பாரு" என்றார். கைவேலை செய்பவருக்குக் கைவேலைதான் கண்ணில் படும்.

சித்தன்னவாசலில் மதியம் ஒன்றரை மணி. மலைமேல் இருக்கும் ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறலாமா என்று கேட்டதற்குத் தம்பி வேண்டாம் என்றார், பாறை கொதிக்கும் என்று. அது சரிதான். சமணத் துறவிகளின் கற்படுக்கைகளைப் பார்க்க முடியாமல் போனதில் எனக்குக் குறைதான், ஆனால் அறுபதை நெருங்கும் இரண்டு பேர் அந்த வெயிலில் ஏறக்கூடாது. அறிவர் கோயில் குகைக்குள் போனோம். விதானத்தில் தாமரைக்குளம். மீனும் வாத்தும் யானையும் எருமையும், பூப்பறிக்கும் ஆட்களும். பாதிக்கு மேல் அழிந்திருக்கிறது. மிச்சமிருக்கும் பச்சையையும் சிவப்பையும் பார்ப்பதற்கே இந்தப் பயணம் தகும். போட்டோ எடுக்க அனுமதி இல்லை என்பதால் நன்றாகப் பார்த்தோம். ஒரு கண் புதிதாகத் தெளிந்த மனிதர் கழுத்தை அண்ணாந்து, "அந்தத் தாமரைத் தண்டு முள்ளு முள்ளா இருக்கு, தெரியுதா?" என்று எனக்குக் காட்டினார்.

சாப்பாட்டு விஷயத்தில் அன்று தவறியது. தம்பி சொன்ன நெடுஞ்சாலை ஓட்டலில் சோறு ஆறிப்போயிருந்தது, விலையும் அதிகம். டிரைவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் இடங்களுக்கு வண்டியைக் கொண்டுபோவது பழக்கம்தான். அவரைக் குறை சொல்லி என்ன? "இனிமே நீங்களும் எங்களோட ஒரே மேஜையில சாப்பிடுங்க, காசு நாங்க தர்றோம், கூட்டம் இருக்கிற ஊர்க்கடையா நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு நல்ல சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

காரைக்குடியில் இரண்டு இரவு. இங்கேதான் எனக்கு மனசு கொதித்தது. நாங்கள் பதிவு செய்த விடுதி நன்றாகவே இருந்தது. சுத்தமான அறை, வெந்நீர், முற்றத்தில் ஊஞ்சல் எல்லாம் உண்டு. டிரைவர் எங்கே தூங்குவார் என்று கேட்டால், "வண்டியிலேயே படுத்துக்குவாங்க மேடம், எல்லாரும் அப்படித்தான்" என்கிறார்கள். குளிக்க, கழிப்பறைக்கு? வெளியே பெட்ரோல் பங்க் இருக்கிறதாம். விடுதியில் தங்குபவர்களின் டிரைவர்களுக்குப் படுக்கையும் குளியல், கழிப்பறை வசதியும் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு 2023ல் கட்டட விதிகளைத் திருத்தியிருக்கிறது. அதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே "மேனேஜர்கிட்ட சொல்றோம்" என்றார்கள். இவர் அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. தம்பியை அழைத்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன லாட்ஜில் 700 ரூபாய்க்கு அறை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் காலை தம்பி குளித்து, திருநீறு வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றபோது எனக்கு நிம்மதி. தூங்காத மனிதர் ஓட்டும் வண்டியில் நாம்தானே உட்கார்ந்து போகிறோம். விடுதி பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். ராமேஸ்வரத்தில் நாங்கள் கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்தோம். அங்கே மாடியில் டிரைவர்களுக்கென்று கட்டில் போட்ட ஹால், மின்விசிறி, தனிக் குளியலறை, காசு கிடையாது.

இரண்டாம் நாள் திருமயம். அடிவாரத்தில் பெருமாளும் சிவனும் ஒரே பாறையில், பக்கத்துப் பக்கத்துக் குடைவரையில். இரண்டையும் நடை சாத்துவதற்கு முன் முடித்துவிட்டுக் கோட்டை ஏறினோம். ராமநாதபுரம் கிழவன் சேதுபதி 1687ல் கட்டியது. உச்சியில் ஒரு பீரங்கி. அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை வறண்ட நிலம், நடுநடுவே கண்மாய். அப்புறம் கானாடுகாத்தான் தெருக்கள். ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகள். பூட்டிய வீடுகள்தான் அதிகம், அதைப் பார்க்கும்போது கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

ஆத்தங்குடியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பெரிய வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் தரையில் பதிக்கும் டைல்ஸ் கல் போடும் பட்டறை ஒன்றுக்குப் போனோம். சட்டத்துக்குள் கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் பூ அச்சை வைத்து, கரைத்த நிறச் சிமெண்டை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து, காய்ந்த பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் அந்த வழவழப்புக் கல்லுக்கு வந்திருக்கிறது. மெருகு போடும் வேலையே கிடையாது. இவர் அங்கே முக்கால் மணி நேரம் நின்றார். தம்பியும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். வேறு டிரைவராக இருந்தால் 'நேரமாச்சுங்க' என்று இரண்டு முறையாவது சொல்லியிருப்பார். தம்பியோ பட்டறைக்காரரிடம் கண்ணாடி எங்கிருந்து வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை கல் போடலாம் என்று தானாகவே கேட்டுக்கொண்டிருந்தார். பூஜை அறைக்கு என்று நான்கு கல் வாங்கி, பழைய துணியில் சுற்றி டிக்கியில் வைத்தோம். ஒன்றும் உடையாமல் வீடு வந்தது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். தேவகோட்டை, திருவாடானை வழி. தேவகோட்டை தாண்டி இரண்டு பக்கமும் கருவேலங்காடும் வறண்ட கண்மாயுமாகச் சாலை நேராகப் போகிறது. பார்க்க எதுவும் இல்லாத அந்த இடத்தில்தான் இவர் பேசினார். 1996ல் சொந்தமாகப் பட்டறை வைத்தபோது, பீரோவில் இருந்த என் இரட்டை வடச் சங்கிலியை எடுத்துப்போய் அடகு வைத்ததை, எட்டு மாதம் கழித்து மீட்டுப் பழைய இடத்திலேயே வைத்ததை, எனக்குத் தெரியாது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்ததைச் சொன்னார். எனக்கு அப்போதே தெரியும். அடகுச் சீட்டைத் தலையணை உறைக்குள் பார்த்திருக்கிறேன். அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அதைச் சொன்னதும் இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் தம்பி ஒன்று செய்தார். கண்ணாடியில் எங்களைப் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. மெதுவாக ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். தேவிபட்டினம் வரும் வரை அப்படியே இருந்தது. நான்கு நாளில் அவர் செய்த வேலைகளில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களையும் சுற்றி வந்தோம். ராமர் நவக்கிரகங்களுக்காக நட்டது என்பார்கள். அப்புறம் மண்டபம், பாம்பன். 1988ல் திறந்த சாலைப் பாலத்தில் ஏறினோம். இடது பக்கம் அப்போது இரண்டு ரயில் பாலங்கள் நின்றன. 1914ல் கட்டிய பழையது, 2025 ஏப்ரலில் திறந்த புதியது. புதியதில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும். பாலத்தில் நிறுத்தச் சொல்லி நானே கேட்டேன். நாலைந்து கார்கள் நின்றுகொண்டும் இருந்தன. தம்பி நிறுத்தவில்லை. "இங்க நிக்கறது ஆபத்துங்கம்மா, மெதுவா போறேன், பாத்துக்குங்க" என்று இடது ஓரமாக ஊர்ந்து போனார். கேட்டதையெல்லாம் செய்பவரைவிட இப்படிச் சொல்பவரைத்தான் நான் நம்புவேன்.

ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நானும் எழுத வேண்டியதில்லை. மதியம் மூன்று மணிக்குத் தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரம் வரை சாதாரண வழி. அதைத் தாண்டி அரிச்சல்முனை வரை போகும் ஒன்பதரை கிலோமீட்டர், 2017ல் திறந்த சாலை. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. 1964 டிசம்பரில் புயல் அடித்துப்போன ஊரின் மிச்சம் வழியில் நிற்கிறது. தேவாலயத்தின் சுவர்கள் மட்டும், கூரை இல்லை. அந்த இரவில் பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோயிருக்கிறது. அங்கே இறங்கிச் சும்மா நின்றோம். போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. மாலையில் அந்தச் சாலையிலிருந்து எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள், ஆகவே மூன்று மணிக்கு மேல் தாமதிக்காதீர்கள்.

திரும்பி வண்டியில் ஏறப்போனபோது தம்பி சாவியை இவர் கையில் கொடுத்தார். "பட்டப்பகல்தாங்க சார், ரோடு நேரா இருக்கு, முனை வரைக்கும் நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றார். மூன்று நாளும் இவர் பார்வை அந்த ஸ்டியரிங் மேலேயே இருந்ததை நான் கவனித்திருக்கிறேன். அவரும் கவனித்திருக்கிறார். இவர் ஓட்டினார். நாற்பதில். நான் என் பழைய இடத்தில். இந்த முறை பேசிக்கொண்டே ஓட்டினார்.

நான்காம் நாள் மதுரை, திண்டுக்கல், கரூர் வழியாக நானூறு கிலோமீட்டருக்குப் பக்கம். ஐந்தரைக்குக் கிளம்பி, இருட்டுவதற்கு வெகு முன்பே, மூன்றரைக்கெல்லாம் வீட்டில் இருந்தோம். மொத்தக் கணக்கு இது: டிரைவர் சம்பளம் 5,200, டீசல் 4,600, அவருக்கு எடுத்த அறை 1,400. நாங்களாகக் கையில் கொடுத்தது 800. ஆகப் பன்னிரண்டாயிரம். சாப்பாடு, டோல், எங்கள் அறை இதில் வராது.

ஆபீஸுக்கு நான் ஐந்தில் இரண்டுதான் கொடுப்பேன், ஆளை மாற்றியதைச் சொல்லாததற்கு. தம்பிக்கு நான்கரை. ஆபீஸில் மறுநாளே போன் செய்து இரண்டையும் சொன்னேன். இவருக்கு அடுத்த கண் அறுவை ஐப்பசியில். அது முடிந்து தை மாதம் தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் போவதாக இருக்கிறோம். அந்தத் தேதிக்குத் தம்பியிடமே சொல்லி வைத்தாயிற்று. ஏழடிப்பட்டத்தை அப்போது விடியற்காலையில் ஏறிவிடலாம், வழியில் அப்படிக் கொஞ்சம் சுற்றிப் போனால் போதும் என்கிறார் தம்பி.